மீசை மாமாவைப் பார்த்தவர்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு அணில் என்ற பெயர் ஐம்பதை நெருங்கும் வயதில்தான் வந்தது. அதுவரை அவள் கட்டிலக்கா. பெண்கள் பொது வார்டின் எழுத்தர். யாருக்கு எந்தக் கட்டில், எது மதியத்துக்குள் காலியாகும், யாரை ஜன்னலோரம் போட்டால் கொஞ்சம் தூங்குவாள், யாரையும் யாரையும் பக்கத்தில் போட்டால் இரண்டு குடும்பமும் மின்விசிறிக்காக அடித்துக்கொள்ளும், எல்லாம் அவள் தலையில் இருந்தது. வார்டு வாசலில் ஒரு மேசை, முதுகு உடைந்து கயிறு கட்டிய ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் புட்டி. வேறு வார்டில் அவளை உட்கார வைத்தால் செருப்பை இடது கால் வலது காலாக மாற்றிப் போட்டதுபோல் இருக்கும் என்பாள்.

புது மென்பொருள் வந்தபோது எல்லா வார்டு எழுத்தர்களையும் பழைய எக்ஸ்ரே அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் படம் மாட்டும் வெளிச்சப் பெட்டிகள் இன்னும் இருந்தன. அவற்றின் கீழே வரிசையாகக் கணினிகள். பயிற்சி கொடுக்க வந்தவர் மெலிந்த தாடிக்காரர். தொண்டை கட்டியவர்போல் தாழ்ந்த குரலில் பேசினார். இது வகுப்பு இல்லை, விளையாட்டு என்றார். சரியாகச் செய்தால் புள்ளி, பத்துப் பதினைந்து வேலை முடித்தால் நட்சத்திரம், ஒரு நிலையைத் தாண்டினால் அடுத்த நிலை. நடைக்கூடத்துத் திரையில் யார் முன்னால், யார் பின்னால் என்று ஓடிக்கொண்டே இருக்கும். சொந்தப் பெயர் போட்டால் கூச்சம் வரும், ஆளுக்கொரு மிருகத்தைத் தேர்ந்தெடுங்கள் என்றார். ஆண்கள் வார்டு எழுத்தர் முந்திக்கொண்டு புலியை எடுத்தார். எதிலும் குற்றம் கண்டு குத்திக்கொண்டே இருப்பவர் என்பதால் அவரைக் குண்டூசி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். யானை, கழுகு, குதிரை எல்லாம் போய்விட்டன. அவள் முறை வந்தபோது மிஞ்சியிருந்தது அணில், ஆமை, ஒரு தவளை.

விளையாட்டு என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன விளையாட்டு என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் முதல் பொத்தானைத் தொட்டாள். திரையில் ஒரு கட்டடம் திறந்தது. மாடி மாடியாக, வார்டு வார்டாக, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சின்னச் சதுரம். ஆள் இருந்தால் ஆரஞ்சு, காலியென்றால் பச்சை. யாரோ எங்கோ ஒரு பெயரைப் பதிந்தால் அங்கே ஒரு சதுரம் நிறம் மாறும். நிஜ ஆஸ்பத்திரியின் அதே வரைபடத்தைப் போட்டு, உள்ளே கற்பனை நோயாளிகளை நிரப்பியிருந்தார்கள்.

அவள் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடமும் அவளுக்கு ஆஸ்பத்திரி என்றால் தன் வார்டும், அதற்குப் போகும் படிக்கட்டும், தேநீர்க் கடையும்தான். தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் இத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பது தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிவது வேறு, இப்படி ஒரே பார்வையில் எதிரே நிற்பது வேறு. ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்தால் வரும் ஒரு சின்னத் தலைசுற்றல் அவளுக்கு வந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் அறுவை வார்டு எழுத்தர், எப்போதும் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பதால் பாட்டுக்காரி என்று பெயர் பெற்றவள், அவளை இடித்து, "என்னக்கா, கரண்ட் போயிடுச்சா" என்று கேட்ட பிறகுதான் அசைந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கே வியப்பு. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட நின்றதில்லை. இப்போது புள்ளி ஏறினால் முகம் மலர்ந்தது. புலி முன்னால் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருபவருக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. கதவைத் திறக்கும்போதே, "அணிலுக்கு இன்னிக்கு எத்தனை கொட்டை கெடைச்சுது" என்பார். மகள் கல்லூரி கடைசி வருடம். நான் கையில் போனை எடுத்தால் மட்டும் திட்டுகிறாயே, நீ சம்பளம் வாங்கிக்கொண்டே கேம் ஆடுகிறாயே என்று அவளை வாரினாள். வாரட்டும் என்று இருந்தது அவளுக்கு. அன்று மூன்றாவது நட்சத்திரம் வந்திருந்தது.

விளையாட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நோயாளி இருந்தார். கோட்டோவியமாக ஒரு முகம், ஒரு பக்கம் இறங்கிய கண்ணாடி, முகத்துக்குப் பொருந்தாத பெரிய மீசை. அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற கடிகார ரிப்பேர்காரர், தனியாக இருப்பவர், ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது, தகவல் சொல்ல வேண்டியவர் தங்கை. அவ்வளவுதான் அவரைப் பற்றிய விவரம். அவரைச் சேர்ப்பது ஒரு நிலை. கட்டில் கொடுப்பது ஒரு நிலை. உப்பில்லாத சாப்பாட்டுக்கு மாற்றுவது, ஸ்கேனுக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது, ஒத்துக்கொள்ளாத மருந்தை யாராவது எழுதினால் சிவப்பு மணி அடித்துத் தடுப்பது, எல்லாமே அவரை வைத்துத்தான். ஒரு வாரத்துக்குள் அவர் மீசை மாமா ஆகிவிட்டார். காலையில் எக்ஸ்ரே அறைக்குள் வரும்போதே மாமா ராத்திரி எப்படியாம் என்று யாராவது கேட்பார்கள். இன்னொருவர், தூக்கமே இல்லையாம், குண்டூசி வார்டில் போட்டுவிட்டார்கள் பாவம் என்பார். தாடிக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தான் இட்டுக்கட்டிய ஒருவரை இத்தனை பேர் நலம் விசாரிப்பது அவருக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கடைசி நிலைக்கு முதலில் போனது அவள்தான். புலியைவிட ஒரே ஒரு நட்சத்திரம் முன்னால். திரையில் ஒரு கட்டம் விழுந்தது. நோயாளி இறந்துவிட்டார், மருத்துவர் உறுதி செய்துவிட்டார், பதிவை முடிக்கவும். கீழே நேரம் போட ஒரு இடம், தங்கைக்குத் தகவல் சொன்னதற்கு ஒரு குறி, பிறகு கட்டில் காலியா என்ற கேள்வி.

அவள் எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள், கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் உறைத்தது, எங்கே போவது என்று.

அந்த ஆஸ்பத்திரியில் எழுத்தர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாதது. இறந்தவரை உறுதி செய்வது மருத்துவர். வந்து சொல்வது நர்ஸ். எழுத்தர் வேலை நேரத்தைக் குறித்துக் கட்டிலை விடுவிப்பது மட்டும். ஆனால் நர்ஸ் சொன்னதற்கும் பேனாவைத் தொடுவதற்கும் நடுவில் எழுத்தர் எழுந்து கட்டிலருகே போய் நிற்பார். கும்பிடுவதில்லை, எதுவும் சொல்வதில்லை. பார்ப்பார். கொஞ்ச நேரம். திரும்பி வந்து எழுதுவார். எப்போதோ ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்து, தவறான வீட்டுக்குத் தகவல் போய்விட்டது, அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் கதை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு ஆளை முடித்து எழுதுவது அசிங்கம், அவ்வளவுதான் என்று குண்டூசி சொல்வார். காரணம் எதுவானாலும் பார்க்காமல் யாரும் எழுதியதில்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது. பொம்மைப் படம், இதற்குப் போய். விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள், விரல் இறங்கவில்லை. பயம் இல்லை, துக்கமும் இல்லை. எழுத வேண்டியதை இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்க எங்கும் இல்லை. கடைசியில் மேல் மூலையில் இருந்த இடமாற்றப் பொத்தானை அழுத்தி, மீசை மாமாவை அறுவை வார்டுக்கு அனுப்பிவிட்டாள். இடமாற்றத்துக்குச் சில புள்ளிகளும் வந்தன. புது இடத்தில் அவர் மறுபடி உயிரோடு இருக்கிற நோயாளியாக, ஆரஞ்சுச் சதுரமாக உட்கார்ந்தார்.

மறுநாள் மாமா பிரசவ வார்டில் இருந்தார். அதற்கு அடுத்த நாள் குழந்தைகள் வார்டில். மென்பொருள் எந்த ஆட்சேபணையும் சொல்லாமல் அவரைத் தொட்டிலில் படுக்க வைத்திருந்தது. தாடிக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டார். எங்கோ நிரலில் பிழை இருக்கிறது, ஆண் நோயாளியை எப்படிப் பிரசவ வார்டு ஏற்றுக்கொண்டது என்று தன் அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டே இருந்தார். இன்னொன்றும் அவருக்குப் புரியவில்லை. எல்லோருக்கும் புள்ளி ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒருவர்கூடக் கடைசி நிலையைத் தாண்டவில்லை.

அந்த வார நடுவில் நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பழைய முறையை மூடிவிடுவார்கள். அதற்குள் கடைசி நிலை முடித்தவர்களுக்குத்தான் புது மென்பொருளில் கடவுச்சொல். முடிக்காதவர்கள் அடித்தளத்துக் கிடங்குக்குப் போய்ப் பழைய கோப்புகளை ஸ்கேன் எடுக்க வேண்டும். அவர்கள் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் வரும்.

கிடங்கு என்றதும் அவள் தன் மேசையைத் தடவிப் பார்த்தாள். மேசை போகும் என்பதுகூட இல்லை. அந்த வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் ஒரு தடவை பார்த்து, இவளுக்கு எந்த இடம் என்று நினைக்கிற அந்த ஒரு நொடி. அதுதான் அவள் பிழைப்பு, சம்பளம் அதற்குக் கூடவே வருவது. இதை வீட்டில் சொல்ல முயன்றபோது வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, ஒரு பொம்மையைச் சாகடிக்க வேண்டியதுதானே, என்ன கஷ்டம் என்றார். அவள் அவருக்கு மோர் ஊற்றினாள். கை கழுவிவிட்டு வந்து அவரே கேட்டார்.

"லிஃப்ட்ட மேல நிறுத்திட்டு கீழ குழிக்குப் போய் ஒரு தடவ பாக்காம எனக்குக் கிளம்ப முடியாது. யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் பாப்பேன். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதாங்க," என்றாள்.

வியாழக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். விளையாட்டில் மாமா அப்போது ஆண்கள் வார்டில், கதவை ஒட்டிய கட்டிலில் இருந்தார். வரைபடம் நிஜ ஆஸ்பத்திரியுடையது. அப்படியானால் அந்தக் கட்டில் நிஜத்திலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால் கணக்குக்காவது பார்த்த மாதிரி ஆகும். யாரிடமும் சொல்லாமல் படி ஏறினாள்.

கட்டிலில் ஒரு மனிதர் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மீசை கிடையாது. வாரிய தலை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் கால்மாட்டில் நின்று பார்ப்பதைக் கண்டு மெல்வதை நிறுத்தினார்.

"யாரப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்ல. இந்தக் கட்டிலப் பாக்க."

"கட்டிலையா? நல்லாத்தான் இருக்கு. ஒரு கால் மட்டும் ஆடுது," என்று சொல்லி, ஆட்டியும் காட்டினார்.

அவள் போக வேண்டும். போகவில்லை. பழக்கம் அவளை நிறுத்தி வைத்திருந்தது. கட்டிலருகே நின்றால் பார்க்க வேண்டும், அவள் பார்த்தாள். ரொட்டி இறங்கும்போது குரல்வளை முடிச்சு மேலே போய்க் கீழே வந்தது. கழுத்தோரம் ஒரு நரம்பு தன்பாட்டுக்குத் துடித்தது. மூக்கு லேசாக விரிந்து சுருங்கியது. போர்வைமேல் விழுந்த துணுக்குகளை அவர் விரல் நுனியில் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் செய்ய அவர் எந்த முயற்சியும் எடுக்கவில்லை, யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார். எத்தனையோ கட்டிலருகே நின்றவள் அவள். இல்லாததைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இருப்பது இவ்வளவு பெரியதாகப் படும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள். பார்த்தாயிற்று. பார்த்தது உயிரோடு இருந்தது. இனி எப்படி எழுதுவது?

வார்டு வாசலில் குண்டூசி நின்றிருந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"என் வார்டுல உனக்கென்னம்மா வேலை? உளவு பாக்க வந்தியா?"

அவள் மழுப்ப நினைத்தாள். முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள். சொல்லிவிட்டு அவர் குத்துவதற்காகக் காத்திருந்தாள். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க இதைவிட நல்ல சங்கதி அவருக்குக் கிடைக்காது. அவர் கையை இடுப்பிலிருந்து இறக்கினார்.

"முந்தாநாள் மாமா உன் வார்டுல இருந்தாரு. ஜன்னலோரக் கட்டில். நான் கீழ வந்தேன். நீ சாப்பிடப் போயிருந்த. அந்தக் கட்டில்ல ஒரு பாட்டியம்மா, என்னப் பாத்ததும், டாக்டர் வந்துட்டாருன்னு நாக்க நீட்டிடுச்சு."

இருவரும் சிரிக்கவில்லை.

மாலை தேநீர்க் கடையில் பாட்டுக்காரியிடம் கேட்டார்கள். அவள் முதலில் முகம் சிவந்து, பிறகு ஒப்புக்கொண்டாள். அவளும் எழுந்து கதவுவரை போனவள்தான். பிரசவ வார்டு எழுத்தர் ஏழு மாத வயிற்றோடு இருப்பவள். அவள் நேராகப் படியிறங்கிச் சவக்கிடங்குவரை போய், அங்கிருந்த காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டதும் ஒன்றுமில்லை அண்ணே என்று திரும்பியிருக்கிறாள். குழந்தைகள் வார்டு ஆள் எங்கும் போகவில்லை. கணினியை அணைத்துவிட்டு, வெறும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவசரப் பிரிவு, எலும்பு வார்டு, சிறுநீரக வார்டு, எல்லாம் இதே கதை. ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் இப்படிப் பைத்தியக்காரத்தனம் செய்கிறோம் என்று வெட்கப்பட்டு, மாமாவை அடுத்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

தேநீர் ஆறிப்போனது. அவள் அந்த முகங்களைச் சுற்றிப் பார்த்தாள். விடுப்புக்கும் மின்விசிறிக்கும் அடித்துக்கொள்ளும் கூட்டம் இது. ஒருவர் நன்றாக இருந்தால் இன்னொருவருக்குக் கண் உறுத்தும். இத்தனை பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் அங்கே வேலி போடவில்லை, பலகை வைக்கவில்லை. அவளுக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தாடிக்காரரிடம் போய்ச் சொன்னார்கள். பேசும்படி அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. முழுவதையும் கேட்டார். அந்த நிலையை எடுத்துவிட முடியுமா என்று அப்போதே அலுவலகத்தைக் கேட்டுப் பார்த்தார், முடியாது என்றார்கள். உண்மையான ஆஸ்பத்திரியில் இந்தப் பதிவைத் தவறாகப் போட்டால் வரும் கேடு பெரிது, பழகாமல் யாரையும் விட முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. மாமாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரட்டுமா என்று தாடிக்காரர் கேட்டார். படம் ஆகாது என்றார் குழந்தைகள் வார்டு ஆள்.

"யாராவது ஒரு ஆள் படுத்தாப் போதும்ல," என்றாள் பாட்டுக்காரி. வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் வண்டியைக் கொண்டுவந்து வெளிச்சப் பெட்டிகளின் கீழே நிறுத்தினார், விரிப்பையும் போட்டார். படுங்கள் அண்ணே என்றதும் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். வண்டியைத் தள்ளுவதுதான் தன் வேலை, ஏறுவது இல்லை, வீட்டில் தெரிந்தால் வீட்டுக்காரியே நிஜமாக அனுப்பி வைத்துவிடுவாள் என்றார். தாடிக்காரர் சட்டைக் கையை மடித்தார். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நாலு மணிக்கு அதிக நேரம் இல்லை, அத்தனை பேருக்கும் வார்டு போகப்போகிறது. அவ்வளவுதான் தெரியும்.

ஏறிப் படுத்தாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அணில் செத்துப்போச்சு என்று யாரோ சொன்னார்கள். மூக்கு அரிப்பதை அடக்கிக்கொண்டு அவளும் சிரித்தாள். பிறகு கண்ணை மூடினாள். முழுக்க மூடவில்லை, இமை நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் விட்டிருந்தாள்.

முதலில் பாட்டுக்காரி வந்தாள். சிரிப்பை இன்னும் வாயில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். வண்டியருகே நின்றதும் அது தானாக இறங்கிப்போனது. அறையில் சத்தம் நின்றது. அவள் முணுமுணுப்பு நின்று அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

படுத்திருந்தவள் கீழேயிருந்து அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை காலம் அவள் இந்தப் பக்கம் நின்றே பார்த்திருக்கிறாள். பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, படுத்திருப்பவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை. துக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அல்லது அலுப்பாக. இரண்டும் இல்லை. தொட்டிலில் குழந்தை தூங்கிவிட்டதா என்று கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்க்கிறவர்களின் முகம் அது. எதையும் கேட்காத முகம். பாட்டுக்காரி மெல்லத் தலையை ஒரு முறை அசைத்தாள், சரி என்பதுபோல. போய் உட்கார்ந்து எழுதினாள். அவள் முடித்ததும் மீசை மாமா அடுத்தவர் திரையில் அதே கடைசி நிலையில் மறுபடி வந்து நின்றார்.

அடுத்தவர் வந்தார். அதே முகம். போகும்போது அதே அசைவு. அடுத்தது எலும்பு வார்டு. அவசரப் பிரிவு. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். வேறு வேறு மூக்கு, வேறு வேறு கண். முகம் ஒன்றுதான். அந்தத் தலையசைப்பை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? தானும் இத்தனை நாளாக அதைச் செய்திருக்க வேண்டும், தனக்கே தெரியாமல். அதைப் பெற்றவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கும் தெரியாது. இருந்தும் ஒரு தடவைகூட விட்டுப்போகாமல் அது இந்தக் கட்டடத்தில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத ஒன்றை மனிதர்கள் இவ்வளவு கவனமாகச் செய்வார்களா? அவள் அழவில்லை. அழுகை என்பது இதற்குச் சின்னதாக இருந்தது. தலைக்கு மேலே வெளிச்சப் பெட்டிகளின் வெள்ளையும், ஒன்றன்பின் ஒன்றாக வந்து குனியும் அந்த ஒரே முகமுமாக, அவள் அசையாமல் கிடந்தாள்.

கடைசியாகக் குண்டூசி வந்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். தலையசைத்தார், போனார்.

பிறகு தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். மணி நாலை ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் முடித்துவிட்டார்கள், அம்மா நீங்கள் மட்டும்தான் பாக்கி என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இறங்கித் தன் கணினி முன்னால் போனாள். திரையில் மீசை மாமா அவளுடைய பங்குக்குக் காத்திருந்தார். அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். விரிப்பில் அவள் படுத்த பள்ளம் மட்டும் இருந்தது. அதையாவது பார்த்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆகாது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கிடங்கு என்றால் கிடங்கு.

பின்னால் ஏதோ கிரீச்சிட்டது. குண்டூசி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். முட்டி வலியோடு, முனகிக்கொண்டே, ஒரு வழியாகப் படுத்தார்.

"சீக்கிரம் வந்து பாரும்மா. நாலு மணிக்கு மேல நான் சாக மாட்டேன்."

அவள் போய் நின்றாள். கண்ணை மூடியதும் அவர் முகத்திலிருந்த முள்ளெல்லாம் எங்கோ போய்விட்டது. இத்தனை வருடம் ஒரே கட்டடத்தில் சண்டை போட்ட மனிதரை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. சட்டைக் காலரில் யாரோ நுணுக்கமாகத் தைத்த ஒட்டு. காதுக்குள் நரை. மோவாயில் சவரம் செய்யும்போது விட்டுப்போன ஒரு கோடு. மார்பு ஏறி இறங்கியது. அவர் அதை நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. போதும் என்று தோன்றும்வரை பார்த்தாள். தலை தானாக அசைந்தது. இந்த முறை அவள் அதை உணர்ந்தாள்.

வந்து எழுதினாள். நேரம். தங்கைக்குத் தகவல். விரல் எங்கும் நிற்கவில்லை. கடைசியாக அந்தக் கேள்வி வந்தது, கட்டில் காலியா?

அவள் திரும்பினாள். அவர் இன்னும் அப்படியே கிடந்தார், ஒழுங்காக, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"எழுதியாச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எழுதியாச்சுண்ணே. எந்திரிங்க. காலியானாத்தான் நான் காலின்னு போட முடியும்."

அவர் ஒரு கையை ஊன்றி எழுந்தார். காலைத் தொங்கப் போட்டுக் காலணியைத் தேடினார், மாட்டினார். மரத்துப்போன காலை இரண்டு தடவை தரையில் தட்டிவிட்டு, தேநீர்க் கடைப் பக்கமாக நடந்தார். எழுதி முடித்த ஒரு கட்டிலிலிருந்து ஆள் இறங்கிப் போவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவர் நடைக்கூடத்தைத் தாண்டி வெயிலுக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் ஆம் என்பதை அழுத்தினாள். திரையில் ஒரு சதுரம் பச்சையானது.